அரை என்று வந்த விடை

நாத்தனார் குற்றம் கண்டுபிடிப்பது உலக நடப்பு. என் நாத்தனாருக்கு அதற்கு மாதச் சம்பளமே கொடுக்கிறார்கள்.

நாங்கள் இருவரும் ஒரே ஆராய்ச்சி நிலையத்தில், மூன்றாவது மாடியில், அடுத்தடுத்த அறைகளில் பதினான்கு வருடமாக இயற்பியல் பார்க்கிறோம். நான் பேப்பரில் கணக்குப் போடுகிறவள். அவள் கம்ப்யூட்டரில் போடுகிறவள். அவள் அண்ணனை நான் கட்டிக்கொண்டது பின்னால் நடந்தது. அவருக்குப் பல் செட் செய்கிற தொழில். ஒருநாள் தங்கையிடம் வீட்டுச் சாவியைக் கொடுக்க வந்தவர், தவறுதலாக என் அறைக் கதவைத் தட்டிவிட்டார். அந்த ஒரு தவறை மட்டும் நாத்தனார் இன்றுவரை திருத்தவில்லை.

மற்றதையெல்லாம் திருத்துவாள். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சிவப்புப் பேனா இருக்கும். கல்யாணப் பத்திரிகை வந்தால்கூட ஒரு எழுத்துப் பிழையைச் சுழித்துவிட்டுத்தான் கீழே வைப்பாள். மாணவர்கள் அவளுக்குச் சிவப்பு மேடம் என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவளுக்குத் தெரியும். அந்தப் பெயரிலும் ஏதாவது பிழை இருக்கிறதா என்று பார்த்திருப்பாள்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. எந்தக் கணக்கையும் இரண்டு பேரும் தனித்தனியாகப் போட வேண்டும். முடியும்வரை அதைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது. மாமியார் முட்டிவலி, வீட்டுக் குழாய் ஒழுகுவது, அவள் அண்ணனின் குறட்டை எல்லாம் பேசலாம். கணக்கை மட்டும் பேசக் கூடாது. முடிந்ததும் ஒரு வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு, ஆளுக்கொரு சீட்டில் விடையை எழுதி மடித்து, அவள் மேசைமேல் வைப்போம். இரண்டையும் ஒரே நேரத்தில் பிரிப்போம். ஒத்துப்போனால் கட்டுரை. ஒத்துப்போகாவிட்டால் சண்டை. பதினான்கு வருடத்தில் முதல் தடவையே ஒத்துப்போனது எட்டோ ஒன்பதோதான். மற்றபடி சண்டைதான். அந்தச் சண்டைகளில்தான் நான் இயற்பியல் கற்றுக்கொண்டேன் என்று சொல்ல வேண்டும்.

போன வருடம் எனக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. பதினோரு நாள் நினைவில்லை. நினைவு திரும்பியபோது சொற்கள் திரும்பவில்லை. ஸ்பூனைக் கத்தரிக்கோல் என்றேன். நாத்தனாரை நர்ஸ் என்று நினைத்து, ஊசி எத்தனை மணிக்கு என்று கேட்டேன். அவள் ஆறு மணிக்கு என்று சொல்லிவிட்டு வெளியே போனாளாம். இதைப் பிற்பாடு மற்றவர்கள் எனக்குச் சொன்னார்கள்.

மூன்று மாதத்தில் சொற்கள் வந்துவிட்டன. அதன்பிறகு தொடங்கியதுதான் பெரிய இம்சை. எல்லோரும் என்னைப் பாராட்ட ஆரம்பித்தார்கள். பேருந்து எண்ணைப் படித்தால் பாராட்டு. பால் பொங்குவதற்குள் அடுப்பை அணைத்தால் பாராட்டு. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துச் சொல்லச் சொன்னார் டாக்டர். சொன்னேன். "பிரமாதம்!" என்று கையைத் தட்டினார். நான் வாங்கிய முனைவர் பட்டத்துக்குக்கூட ஒருவரும் அப்படிக் கை தட்டியதில்லை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். இந்த மூளையால் பழையபடி கணக்குப் போட முடியுமா, முடியாதா? இயக்குநர் நல்ல மனுஷர். நூலகக் குழுவுக்குத் தலைவர் பதவி, பெரிய அறை, ஜன்னலுக்கு வெளியே மரம் என்று எல்லாம் ஏற்பாடு செய்து, கையெழுத்துக்காக ஒரு கடிதமும் தயாராக வைத்திருந்தார். "சிரமப்படாம இருக்கலாம்" என்றார். இரண்டு மாதம் நேரம் கேட்டேன். எனக்குள் ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொண்டேன். காய்ச்சலுக்கு முன் பாதியில் விட்ட கணக்கை முடிக்க வேண்டும். நாத்தனார் சீட்டும் என் சீட்டும் ஒத்துப்போனால் ஆராய்ச்சி. என் விடை தப்பென்றால் மரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடலாம்.

டாக்டரின் ஏழு கழித்தலை நான் நம்பவில்லை. வீட்டுக்காரரின் "நீ நல்லாத்தான் இருக்க"வை நம்பவில்லை. நாத்தனாரின் சிவப்புப் பேனாவை நம்பினேன்.

கணக்கு என்னவென்று சொல்லிவிடுகிறேன், பயப்பட வேண்டாம். மேட்ரிக்ஸ் என்றால் எண்களை வரிசையும் பத்தியுமாக அடுக்கிய சதுரக் கட்டம். நாங்கள் பார்க்கும் வகை மேட்ரிக்ஸை, ஒரு வட்டத்தின் மேல் நிற்கும் புள்ளிகளாக மாற்றிவிடலாம். கட்டத்தில் நூறு வரிசை இருந்தால் வட்டத்தில் நூறு புள்ளி. இந்தப் புள்ளிகளுக்கு ஒன்றையொன்று ஆகாது, தள்ளித் தள்ளித்தான் நிற்கும். ஆனால் ஒரு விசை எல்லாவற்றையும் வட்டத்தின் ஒரே பக்கத்துக்கு இழுக்கும். இழுப்பு குறைவென்றால் வட்டம் முழுக்கப் பரவி நிற்கும். இழுப்பு கூடினால் ஒரு பக்கம் நெருக்கியடித்துக்கொள்ளும், எதிர்ப்பக்கத்தில் ஓர் இடைவெளி திறக்கும். பரவிய நிலை, இடைவெளி விட்ட நிலை என்று இரண்டு நிலைகள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போவதுதான் நிலைமாற்றம்.

"இத யாரு கேட்டா?" என்று என் மாமியார் ஒருமுறை கேட்டார். நியாயமான கேள்வி. அணுக்கருவுக்குள் குவார்க்குகளைக் கட்டிப்போட்டிருக்கும் விசையைப் பற்றிய கணக்குக்கு கேஜ் கோட்பாடு என்று பெயர். அதை நேராகப் போட்டுப் பார்க்க எங்களால் முடியாது. ஆனால் சில எளிய சூழ்நிலைகளில் அது முழுதும் சுருங்கி, இதே வட்டமாக, இதே புள்ளிகளாக வந்து நிற்கிறது. புள்ளிகள் பரவி நின்றால் குவார்க்குகள் பூட்டியே கிடக்கின்றன என்று எடுத்துக்கொள்ளலாம். இடைவெளி திறந்தால், வெப்பம் கூடிப் பூட்டு விட்டுப்போன மாதிரி. மாமியார் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப சரி, போட்டு முடி" என்றார். எந்த நிதிக்குழுவும் இவ்வளவு சீக்கிரம் அனுமதி தந்ததில்லை.

இடைவெளி திறக்கும் விதத்தில் ஒரு கள்ளத்தனம் உண்டு. தண்ணீர் கொதிப்பது போல ஆரவாரம் எதுவும் இருக்காது. ஆற்றலைக் கோடாக வரைந்தால் கோட்டில் உடைப்பு இல்லை. கோட்டின் சாய்வில் உடைப்பு இல்லை. சாய்வு மாறும் வேகத்திலும் இல்லை. அதற்கும் அடுத்த படியில்தான் வெடுக்கென்று ஒரு முறிவு இருக்கும். மூன்றாம் படி மாற்றம் என்பார்கள். எல்லையைத் தாண்டினோம் என்பது தாண்டியவருக்கே தெரியாது.

எங்கள் மாடலில் இந்தச் சத்தமில்லாத மாற்றமும் உண்டு, தடாலென்று குதிக்கும் மாற்றமும் உண்டு. நாங்கள் கூட்டிக் குறைக்கக்கூடிய ஓர் எண் அதில் உண்டு, அதைத் திருகு என்போம். அதைக் குறைவாக வைத்துக்கொண்டு வெப்பத்தை ஏற்றினால், புள்ளிகள் ஒரு கட்டத்தில் குதித்து ஒரு பக்கம் சேரும். திருகைக் கூட்டக் கூட்டக் குதிப்பு சிறிதாகி, ஓர் எண்ணில் இல்லாமலே போகும். அந்த எண் எது? அவ்வளவுதான் கேள்வி.

ஏழு வாரம் போட்டேன். காலையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் தலை கனக்கும். படுத்து எழுந்து மறுபடி உட்கார்வேன். ஒரு வரியை எழுதி முடிப்பதற்குள் அதன் தொடக்கம் மறந்துபோன நாட்கள் உண்டு. பேப்பரைப் பெரிதாக்கி, எழுத்தையும் பெரிதாக்கி, ஒரு பக்கத்துக்கு நாலே வரி என்று எழுதினேன். ஒரு திங்கட்கிழமை விடை வந்தது. அரை. ஒன்றில் பாதி. புள்ளிக்குப் பின்னால் வால் எதுவும் இல்லாத, சுத்தமான அரை.

இந்தத் தொழிலில் அழகான விடை வந்தால் மனசு மயங்கிவிடும். கத்திக்கொண்டே சமையலறைக்கு ஓடினேன். வீட்டுக்காரர் தட்டு கழுவிக்கொண்டிருந்தார்.

"வந்துடுச்சுங்க! அரை!"

"அரைன்னா... பாதியா?"

"பாதிதான்!"

"அட, இது எனக்கே புரியுதே" என்று ஈரக் கையோடு என்னைத் தூக்கிவிட்டார். அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் பெல்ட் போட்டுக்கொண்டு நடந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு நாத்தனார் அறைக்குப் போனேன். சின்ன அறை. ஒரு மேசை, இரண்டு திரைகள், முதுகு சாய முடியாத ஒரு நாற்காலி. வருகிறவர்கள் சீக்கிரம் போய்விட வேண்டும் என்று அதைத் தேடி வாங்கியிருக்கிறாள். சீட்டுகளை வைத்தோம். பிரித்தோம்.

என் சீட்டில்: 1/2. அவள் சீட்டில்: 0.50.

"ஒத்துப்போச்சு அண்ணி" என்றாள்.

நான் அவளைக் கட்டிப்பிடித்து அழுதேன். அவளும் என் முதுகைத் தட்டினாள். அவள் முதுகு தட்டுகிற ஆள் இல்லை என்பது அப்போது என் புத்தியில் உறைக்கவில்லை. நேராக இயக்குநர் அறைக்குப் போய், நூலகக் கடிதம் வேண்டாம், நான் ஆராய்ச்சிக்கே திரும்புகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த வாரக் கடைசியில் நான் வீட்டில் பாடியதைக் கேட்டு மாமியார் ரேடியோவை அணைக்கச் சொன்னார்.

அடுத்த புதன்கிழமை காலை, கட்டுரைக்குப் படம் போட உட்கார்ந்தேன். முதல் படத்தை நான் எப்போதும் கையால்தான் வரைவேன். கட்டம் போட்ட தாள், கூர்மையான பென்சில். திருகை அரையில் வைத்து, புள்ளிகள் நெருங்க நெருங்க எவ்வளவு வெப்பம் வேண்டும் என்ற கோட்டை வரைந்துகொண்டே போனேன். இடைவெளி திறக்கும் எல்லைவரை கோடு ஒழுங்காக ஏறியது. எல்லையில் வழவழவென்று படுத்தது. படம் அழகாக இருக்கட்டும் என்று எல்லைக்கு அந்தப் பக்கம் இன்னும் நாலு புள்ளி போட்டேன்.

கோடு இறங்கியது.

அந்த நாலு புள்ளியையும் அழித்துவிட்டு மறுபடி போட்டேன். மறுபடியும் இறங்கியது. கொஞ்சம் இறங்கி, பிறகு ஏறியது. கோட்டில் ஒரு பள்ளம் இருந்தால் குதிப்பு இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். அரையில் குதிப்பு நிற்கவில்லை.

எங்கே இடறினேன் என்று பத்தே நிமிடத்தில் தெரிந்துவிட்டது. எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு சூத்திரம், அந்தப் பக்கம் வேறு சூத்திரம். இரண்டும் எல்லையில் தையல் தெரியாமல் பொருந்திவிட்டதால், இந்தப் பக்கம் முழுக்கச் சோதித்துவிட்டு, அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் அரையை எழுதிவிட்டேன். சத்தமில்லாத மாற்றத்தைப் பற்றி இத்தனை வருடமாக மேடை மேடையாகப் பேசுகிறவள், அதே சத்தமின்மையில் ஏமாந்திருக்கிறேன். அந்தப் பக்கத்துச் சூத்திரத்தை எடுத்து, பள்ளம் மறையும்வரை திருகை ஏற்றினேன். 0.554. அழகில்லாத எண். கழுத்தில் வியர்வை வழிந்தது. ஆனால் எனக்கு ஏற்பட்டது கவலை இல்லை. மகிழ்ச்சி, அப்பட்டமான மகிழ்ச்சி! தப்பை நானே பிடித்திருக்கிறேன். யாரும் சுட்டிக்காட்டவில்லை. இந்த மண்டையேதான் பிடித்தது.

டீ போடலாம் என்று எழுந்தேன். தண்ணீர் வைக்கும்போதுதான் அது தோன்றியது. நான் செய்தது பேப்பரில் மட்டுமே செய்ய முடிகிற தப்பு. கம்ப்யூட்டருக்கு எந்தப் பக்கத்துச் சூத்திரமும் தெரியாது. அது புள்ளிகளை வட்டத்தில் உருட்டிவிட்டு, எங்கே போய் நிற்கின்றன என்று எண்ணும், அவ்வளவுதான். அதனால் என் தப்பைச் செய்யவே முடியாது. அப்படியானால் நாத்தனாருக்கு எப்படி 0.50 வந்தது?

அடுப்பை அணைத்துவிட்டு வீட்டுக்காரரின் பட்டறைக்குப் போனேன். வீட்டுக்குப் பின்னாலேயே ஒரு அறை. ஒரு மேல்தாடைக்குப் பல் வைத்துக்கொண்டிருந்தார்.

"நான் அரைன்னு சொன்னத உங்க தங்கச்சிகிட்ட சொன்னீங்களா?"

"ம்? மறுநாளே போன் பண்ணிச் சொன்னேனே. சந்தோஷத்துல." அவர் முகம் மாறியது. "ஏன், சொல்லக் கூடாதா?"

"பதினாலு வருஷமா சொல்லக் கூடாதுங்க!"

"மத்த தடவ நீ சொல்ற நம்பர் எனக்கு வாயிலயே நுழையாது. இந்தத் தடவதான் ஞாபகம் நின்னுச்சு" என்றார் பாவமாக. கையில் யாருடைய பல்லோ சிரித்துக்கொண்டிருந்தது. அவர்மேல் கோபப்பட முடியவில்லை. 0.554 வந்திருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை.

நிலையத்துக்கு நடந்தே போனேன், இருபது நிமிடம். கோபம் அடி வைக்க அடி வைக்க ஏறியது. டாக்டர் கை தட்டட்டும். இயக்குநர் மரம் காட்டட்டும். வாசலில் காவலர், நான் அடையாள அட்டையைச் சரியாகக் காட்டியதற்கு "வெரி குட் மேடம்" என்றார், அவரும் சொல்லட்டும். ஆனால் இவளுமா? உலகத்தில் ஒருத்தியாவது என்னிடம் இரக்கமில்லாமல் இருப்பாள் என்று நம்பித்தானே அவள் மேசையில் சீட்டை வைத்தேன்? அந்தச் சீட்டை நம்பித்தானே இயக்குநரிடம் வாக்குக் கொடுத்தேன்?

கதவைத் தட்டாமல் உள்ளே போனேன்.

"உன் நிஜமான நம்பர் என்ன?"

அவள் திரையிலிருந்து திரும்பினாள். புரியாத மாதிரி நடிக்க ஒரு கணம் முயன்றாள். நடிப்பு அவளுக்கு வராது.

"பாயிண்ட் அஞ்சு ஏழு ஒண்ணு" என்றாள் மெல்ல.

"அத ஏன் எழுதல?"

அவள் மறுபடி திரைப் பக்கம் திரும்பப் போனாள்.

"வாயத் திற. எனக்கு மண்ட போயிடுச்சுன்னு முடிவு பண்ணிட்டியா?"

"அப்படி இல்ல அண்ணி."

"வேற எப்படி? மூணு வயசுக் குழந்த கிறுக்கினா சுவத்துல மாட்டுவாங்களே, அந்த மாதிரிதானே?"

"ஆமா, பயந்துட்டேன்!" என்று அவள் கத்திவிட்டாள். "ஆஸ்பத்திரியில என்னப் பாத்து ஊசி எப்பன்னு கேட்டீங்க. பதினாலு வருஷம் பக்கத்து ரூம்ல இருந்தவள யாருன்னே தெரியல உங்களுக்கு. நான் படிக்கட்டுல போய் உக்காந்து அழுதேன். அதுக்கப்புறம் அண்ணன் போன் பண்ணி, 'அவளுக்கு விடை வந்துடுச்சு, அரையாம், தலகால் புரியல'ன்னு சொல்றான். நான் தப்புன்னு எழுதினா நீங்க அந்த நூலகத்துக்குப் போயிடுவீங்க. நான் இந்தப் பக்கம் ஒத்தையா உக்காந்துகிட்டு யாரோட சண்ட போடுறது?"

சண்டை போட ஆள் வேண்டும் என்பதற்காகச் சண்டை போடாமல் விட்டிருக்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்தது. கோபம் போகவில்லை, ஆனாலும் வந்தது. பையிலிருந்து காலையில் எழுதிய தாள்களை எடுத்து அவள் முன்னால் போட்டேன்.

"அரை தப்பு. நானே கண்டுபிடிச்சேன். புது நம்பர் பாயிண்ட் அஞ்சு அஞ்சு நாலு. படி."

"நீங்களேவா?"

"பாராட்டுன, கழுத்த நெரிச்சுடுவேன். படி."

படித்தாள். பேனா சட்டைப் பையிலேயே இருந்தது. முதல் பக்கம் முடித்தாள். இரண்டாவது பக்கம் பாதி போனாள். உதட்டைக் கடித்தாள். என்னை ஓரக்கண்ணால் பார்த்தாள். மறுபடி தாளைப் பார்த்தாள். அவள் எதையோ விழுங்குகிறாள் என்று தெரிந்தது.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. நல்லா வந்திருக்கு."

"பேனாவ எடு."

எடுத்தாள். மூடியைத் திறக்க இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு மூன்றாவது வரியில் ஒரு சுழி போட்டாள். சின்னச் சுழி. அதைப் போட்டதும் அடைப்பு உடைந்த மாதிரி ஆகிவிட்டது.

"இந்த நாலு எங்கிருந்து வந்துச்சு? பின்னத்துல கீழ நாலு வர வாய்ப்பே இல்ல. என்னோட நம்பர்ல பிழை கடைசி இலக்கத்துல நாலுக்கு மேல போகாது, உங்களுது பதினேழு தள்ளி நிக்குது. எங்கயோ ஒரு ரெண்ட முழுங்கிட்டீங்க. எப்பவும் இதேதான், அவசரம், அவசரம்! எல்லாத்தையும் மனசுலயே பெருக்கிட்டு, மேல வரியில எழுதாம கீழ வரிக்குப் போயிடுறது. இத ஒரு மாணவன் எழுதிட்டு வந்திருந்தா வெளிய துரத்தியிருப்பேன். இது தப்பு அண்ணி, சுத்தத் தப்பு!"

நான் ஏதோ சொன்னேன். அவள் அதை முடிக்கவிடவில்லை. நானும் அவளை முடிக்கவிடவில்லை. இரண்டு பேரும் எழுந்து நின்று கத்தினோம். சுவர்ப் பலகையில் இருந்த எதையோ அழித்துவிட்டு அவள் எழுதினாள், அதன்மேலேயே நான் எழுதினேன். எதிர் அறைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, பழைய சத்தம் திரும்பிவிட்டது என்று நினைத்தாரோ என்னவோ, தன் கதவை மூடிக்கொண்டார். நடுவில் எப்போது என் கண்ணிலிருந்து தண்ணீர் வர ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியாது. துக்கம் இல்லை. ஒன்பது மாதத்துக்குப் பிறகு ஒருத்தி என்னை விடாமல் அடிக்கிறாள், நானும் நின்று திருப்பி அடிக்கிறேன். அந்தச் சந்தோஷம் எனக்குத் தாங்கவில்லை.

பட்டறையிலிருந்து பதறிப்போய் வந்த வீட்டுக்காரர் அந்த நேரம் பார்த்து வாசலில் வந்து நின்றார். கையில் பல் அராவிய தூள் ஒட்டியிருந்தது. அழுகிற மனைவியையும் கத்துகிற தங்கையையும் பார்த்தார்.

"போதும் விடும்மா. அவளுக்கு உடம்பு..."

நாத்தனார் நிறுத்தினாள். என் முகத்தைப் பார்த்தாள். அவள் முகத்தில் அந்தப் பழைய மருத்துவமனைச் சாயல் வந்து எட்டிப்பார்த்தது. கை, முதுகு தட்டுவதற்குப் பாதி எழும்பியது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கையை இறக்கினாள்.

"அண்ணா, நீ கொஞ்சம் வெளிய நில்லு" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அழுது முடிச்சிட்டு மூணாவது வரியப் பாருங்க" என்றாள்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு மூன்றாவது வரியைப் பார்த்தேன். விழுங்கிய பெருக்கல்களையெல்லாம் வெளியே எடுத்து, ஒவ்வொன்றாக, பெரிய எழுத்தில் எழுதினேன். அவள் என் தோளுக்கு மேலிருந்து பார்த்துக்கொண்டே நின்றாள். அவசரப்படுத்தவில்லை, உதவவும் இல்லை. கால் மணி நேரம் ஆனது. கீழே நாலுதான் வந்தது.

"சரியாத்தான் இருக்கு" என்றேன்.

அவள் தாளைப் பிடுங்கி இரண்டு தடவை பார்த்தாள்.

"உன் கம்ப்யூட்டர் ஓட்டத்த எப்ப நிறுத்தின?" என்று கேட்டேன்.

"ஏன்?"

"குதிப்பு நிக்கிற இடத்துக்குப் பக்கத்துல வந்தா புள்ளிங்க எல்லாம் சோம்பேறியாயிடும். நகர்ந்து முடிக்கவே நாளாகும். பாதியில நிறுத்தினா, நகர்ந்து முடிக்காதது குதிச்ச மாதிரியே தெரியும். நம்பர் மேல போகும். இத எனக்குச் சொல்லிக்குடுத்ததே நீதான். எப்ப நிறுத்தின?"

அவள் கணக்குப் பார்த்தாள். முகம் மெதுவாகச் சிவந்தது.

"செவ்வாக்கிழம" என்றாள். "அண்ணன் போன் பண்ணின அன்னைக்கு. எப்படியும் அரைன்னு எழுதப் போறேனே, இன்னும் எதுக்கு ஓட்டணும்னு..."

"எவ்வளவு நாள் ஓட வேண்டியது?"

"இன்னும் மூணு வாரம்."

"அப்ப தப்பு யாருது?"

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, விசைப்பலகையைத் தட்ட ஆரம்பித்தாள். திரையில் வட்டம் வந்தது, புள்ளிகள் வந்தன. வாசலில் நின்ற வீட்டுக்காரர், "யாரு ஜெயிச்சது?" என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார். இன்னும் தெரியாது என்றேன்.

"அண்ணி, இன்னும் ஏன் நிக்கிறீங்க?" என்றாள் அவள் திரும்பிப் பார்க்காமலே. "எனக்கு வேலை கெடக்கு. மூணு வாரம் இந்தப் பக்கம் வராதீங்க. கதவச் சாத்திட்டுப் போங்க."

ஒன்பது மாதமாக எல்லோரும் எனக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்கள். கார் கதவு, லிஃப்ட் கதவு, குளியலறைக் கதவுகூட. போ, போகும்போது சாத்திவிட்டுப் போ என்று ஒருவரும் என்னிடம் சொல்லவில்லை.

நன்றாக இழுத்துச் சாத்தினேன்.